மார்கழியில் குளத்துக்கு வருகிறவளுக்கு அக்காவின் டிப்ஸ்

பறவை பார்க்கும் குழுவில் பேர் கொடுத்த கையோடு நீ செய்யப்போகிற முதல் காரியம், போனில் பைனாகுலர் விலை பார்ப்பதுதான். இப்போதைக்கு அந்தச் சோலியே வேண்டாம். ஐப்பசி மழை இறங்கியதிலிருந்து மாசி முடிய, திருநெல்வேலியைச் சுற்றியுள்ள குளங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம். யார் கையிலாவது உபரியாக ஒன்று இருக்கும். ரெண்டு மூணு பேருடையதை வாங்கிப் பார். எது உன் கழுத்துக்குப் பாரமாக இல்லை, எது உன் கண்ணாடியோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகு பொங்கல் கழித்து வாங்கலாம்.

வாங்கும்போது 8×42 அல்லது 8×40 என்று கேள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பின்னால் உள்ளது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று ஆசை காட்டுவார். மடங்கு ஏற ஏற உன் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். கூழைக்கடா டான்ஸ் ஆடும். கையில் வந்ததும் முதல் வேலை: வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்கு. பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்பக்கம் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருப்பு. இதைச் செய்யாமல் 'எனக்கு மங்கலாத்தான் தெரியுது' என்று ஒரு சீசன் முழுக்கப் புலம்பியவர்கள் உண்டு. கண்ணாடி போட்டவள் நீ. கண்பக்க ரப்பரை உள்ளே இறக்கிவிட்டுப் பார்க்கணும். பறவை எங்கே என்று பைனாகுலருக்குள் தேடாதே. வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, தலையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கு.

உடுப்பு விஷயத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். மண் நிறம், காக்கி, மங்கின பச்சை போதும். துப்பட்டாவைப் பின் பண்ணிக்கொள் அல்லது வீட்டிலேயே விட்டுவிட்டு வா, உடை மரத்து முள்ளில் மாட்டிக்கொண்டு நிற்பதைவிட அது மேல். செருப்பு கூடவே கூடாது. அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிடும். கண்ணாடி வளையலையும் கழற்றி வைத்துவிடு.

யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளத்தங்கரையில் பாத்ரூம் கிடையாது. போகிற வழியில் எந்த பங்க்கில் வண்டியை நிறுத்துவார்கள் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வராதே. எட்டரைக்கு மேல் நம்ம ஊர் வெயிலுக்கு மார்கழி, தை எல்லாம் தெரியாது. தண்ணீர் குடிக்காமல் தலைவலியோடு திரும்பிய பெண்கள் அடுத்த வாரம் வருவதே இல்லை. ஆண்கள் இதைப் பற்றி யோசிக்க மாட்டார்கள், ஆகவே நீதான் கேட்கணும்.

இனி, எங்கே நிற்பது. நம்ம பக்கம் மலை மேற்கே, கடல் கிழக்கே. தண்ணீர் கிழக்கே சரிவதால் குளத்தின் கரையை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் போட்டிருப்பார்கள். காலையில் கரையில் ஏறி நின்றால் சூரியன் உன் முதுகில், பறவை உனக்கு நேரே வெளிச்சத்தில். குளம் வெட்டியவர்கள் நமக்காகவே வெட்டின மாதிரி! சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். பெருமழை பெய்த மறுநாள் மட்டும் கரைமேல் ஏறாதே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் எத்தனை குளம் உடைந்தது என்று உனக்கே தெரியும். குளம் நிரம்பி மறுகால் பாய்கிற இடத்தில் செல்ஃபி எடுப்பவர்களோடு சேராதே.

கரையில் ஏறியதும், ஆடு மேய்க்கிறவரோ வயலுக்குப் போகிறவரோ எதிரில் வந்தால் நீயே முந்திக்கொண்டு பேசு. 'அண்ணாச்சி, பறவை எண்ண வந்திருக்கோம்' என்றால் போதும். நோட்டும் கையுமாக நாலு பேர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், எவனோ நிலத்தை அளக்க வந்துவிட்டான் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். பேசிவிட்டால் அவர்களே 'அந்த மடைப்பக்கம் போங்க, நேத்து நிறையக் கிடந்துச்சு' என்று வழி சொல்வார்கள். இன்னொன்று: படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தால் அந்தத் திசைக்கு பைனாகுலரைத் திருப்பாதே. அங்கேதான் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும், தெரியும். இருக்கட்டும்.

எங்கள் குழுவின் குளிர்கால வேலை என்ன என்று கேட்டாய். எண்ணுவது. அபூர்வமாக ஒன்று வந்துவிட்டது என்று தகவல் வந்தால் பெரிய லென்ஸோடு பத்து கார் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இதுதான் பறவை பார்ப்பது என்று நினைத்துவிடாதே. அந்தப் படம் ரெண்டு நாள் சுற்றிவிட்டு அடங்கிவிடும். நாமக்கோழி எத்தனை, முக்குளிப்பான் எத்தனை, மடையான் எத்தனை என்று ஒரே குளத்தில் வருஷா வருஷம் எழுதி வைக்கிறவர்களின் நோட்டில்தான் அந்தக் குளத்தின் கதை இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து ஜனவரியில் நடக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கென்று தனியாக 2011-லிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்து ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் போவதற்குக் காரணம் உண்டு. நீ காலையில் எண்ணிய ஊசிவால் வாத்துக் கூட்டம் மத்தியானம் பக்கத்துக் குளத்துக்குப் பறந்துவிடும். வேறு நாளில் அங்கே போய் எண்ணினால் ஒரே பறவை ரெண்டு தடவை கணக்கில் ஏறும்.

எண்ணுகிற முறையைச் சொல்கிறேன், இதை மட்டும் நன்றாகப் பழகிக்கொள். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணு. அந்தப் பத்து, உன் பார்வையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனசில் பிடி. அதே அளவைக் கூட்டத்தின் மேல் பத்து, இருபது, முப்பது என்று நகர்த்திக்கொண்டே போ. ஆயிரக்கணக்கில் இருந்தால் முதலில் நூறு பிடித்துக்கொண்டு நூறு நூறாக நகர்த்து. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் கிடக்கும், அதற்கேற்ப அளவைச் சுருக்கணும், விரிக்கணும். கூட்டத்தில் மூன்று நான்கு இனம் கலந்திருந்தால் முதலில் மொத்தத்தை எண்ணிவிட்டு, பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலைந்து இடத்தில் இருபது இருபது பறவையைப் பார்த்து, அதில் எது எத்தனை என்று விகிதம் பிடி. பக்கத்தில் நிற்பவள் எண்ணி முடிக்கும் முன் உன் எண்ணைச் சொல்லாதே. இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். ரொம்ப வித்தியாசம் வந்தால் திரும்ப எண்ணுங்கள். 'நிறைய' என்று மட்டும் நோட்டில் எழுதாதே. குளம் வற்றிக் கிடந்து ஒரு பறவைகூட இல்லை என்றால் அதையும் எழுது. இந்தக் கணக்கில் பூஜ்யமும் ஒரு எண்தான்.

பெயர் தெரியாதே என்று பயப்படாதே. முதல் மாதம் வாத்தில் மூன்றைப் பிடித்துக்கொள். வாலில் ஊசி நீட்டிக்கொண்டு, சாக்லேட் நிறத் தலையும் கழுத்தில் வெள்ளைக் கோடுமாக இருப்பது ஊசிவால் ஆண். அலகு கரண்டி மாதிரி அகன்று, தண்ணீரில் அதை வைத்து அரித்துக்கொண்டே நகர்வது தட்டைவாயன். கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை போட்டது நீலச்சிறகி ஆண். ஆனால் அக்டோபர், நவம்பரில் போனால் தட்டைவாயனின் அலகைத் தவிர இந்த அடையாளம் எதுவும் இருக்காது. வந்த புதிதில் ஆணும் பெண் மாதிரியே பழுப்பாகத்தான் இருக்கும். ஊசிவாலுக்கு டிசம்பர், ஜனவரியில் ஆண் நிறம் ஏறிவிடும். நீலச்சிறகிக்கு அந்த வெள்ளைப் பட்டை வர இன்னும் நாளாகும். எனவே படம் பார்த்துக் குழம்பாதே. புத்தகத்தில் பாதிப் படம் கல்யாணக் கோலத்தில் எடுத்தது.

உள்ளான் வகையைப் பார்த்துத்தான் பலர் ஓடிவிடுகிறார்கள். குளம் நிரம்பிக் கிடக்கும்போது அவை அவ்வளவாக வராது, நிற்க இடம் வேண்டுமே. தை பிறந்து தண்ணீர் இறங்க இறங்க, ஓரத்தில் சேறு தெரியும். அப்போதுதான் அவற்றுக்கு விருந்து. ஓரமாகத் தனியாக ஓடி, நிற்கும்போதெல்லாம் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால், தோள்பட்டைக்கு முன்னால் பார். வயிற்றின் வெள்ளை அங்கே மேலே ஏறிப் பிறை மாதிரி வளைந்திருந்தால் சாதா உள்ளான். முதுகில் பொறிப்பொறியாக வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிர்க்கோடு, கால் மஞ்சள் கலந்தது என்றால் பொறி உள்ளான். இந்த இரண்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தை 'உள்ளான், இனம் தெரியவில்லை' என்று எழுது. அப்படி எழுதுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஊகித்துப் பேர் எழுதுவதுதான் மற்றவர்களுக்குத் தலைவலி.

புத்தகம் கேட்டால், ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதி க்ரியா போட்ட பறவைகள் அறிமுகக் கையேடு ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனின் கட்டுரைகளை மத்தியானத்தில் படி. அவர் 1912-ல் நம்ம திருநெல்வேலியில் பிறந்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்! பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியை வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள், குளத்தில் சிக்னல் இருக்காது. குரலைக் கேட்டு அது ஒரு பேர் சொன்னால், கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதே. அதே போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்கிறவர்கள் யாராவது இருந்தால், எங்கள் குழுவில் அதற்கு இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்.

பொங்கல் வருகிறது. 2015-லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலையொட்டி நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் பார்த்து, பார்த்ததையெல்லாம் இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். அன்றைக்கு நாம் எங்கே குளத்துக்குப் போக, அடுப்படி யார் பார்ப்பது என்று நீ கேட்பது கேட்கிறது. குளம் வேண்டாம், மொட்டைமாடி போதும். பானை பொங்கி எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, பாத்திரத்தை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு கால் மணி நேரம் மேலே போய் நில். காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, மின்கம்பியில் கரிச்சான், மேலே செம்பருந்து. பத்து இனம் சாதாரணமாக வரும். பதியும்போது, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினாயா என்று ஒரு கேள்வி கேட்கும். காக்காயை விட்டுவிட்டு 'ஆமாம்' என்று அழுத்தாதே. காக்காயையும் எழுதினால்தான் உன் பட்டியலில் சிட்டுக்குருவி இல்லாததற்கு ஒரு அர்த்தம் உண்டாகும்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஜனவரிக்குப் பிறகு ஒருநாள் போவோம். வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி அங்கே வருகிறது. ஆனால் எனக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் அதிசயம். வீட்டுக்கு முன்னால் உள்ள மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்திருக்கிறார்கள். அங்கே தெருவில் சத்தம் போட்டுப் பேசாதே, கூட்டுக்கு நேர் கீழே நிற்காதே. ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை, தலையில் விழும். பறவையின் காலிலோ கழுத்திலோ வளையம் தெரிந்தால் அதன் நிறத்தையும் எழுத்தையும் குறித்து, முடிந்தால் படம் எடுத்து குழுவில் கொடு. எங்கே மாட்டிய வளையம் என்று கண்டுபிடிக்க அதுதான் வழி.

காலையில் வரவே முடியாது என்கிற வாரங்களில் சாயங்காலம் சூறைக்குருவி பார். ரோஜா நிற உடம்பும் கறுப்புத் தலையுமாக, ஐரோப்பாவின் கிழக்கு, மத்திய ஆசியாப் பக்கமிருந்து வரும் மைனா இனம். அந்தி சாயும் நேரத்தில் அடையப் போவதற்கு முன் கூட்டம் கூட்டமாக வானத்தில் சுருண்டு விரியும். பிள்ளைகளையும் மாடிக்குக் கூட்டிப் போ, எண்ணுவதற்கு அவர்கள் நம்மைவிடக் கெட்டி.

ஆறுமணிக் குருவி பற்றி உனக்கு போன் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். குழுவில் இருக்கிறாய் என்று தெரு முழுக்கத் தெரிந்தால் தப்ப முடியாது. வலசை வரும் களைப்பில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டு வாசலிலோ ஹாலிலோ வந்து விழும். பல நிறத்தில் இருப்பதால் கிளி என்றோ வளர்ப்புப் பறவை என்றோ நினைப்பார்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம் என்று முதலில் சொல். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, ஃபேன் இல்லாத இருட்டான அறையில் விடச் சொல். காயம் எதுவும் இல்லை, எழுந்து நிற்கிறது என்றால் பொழுது சாயும்போது செடி அடர்ந்த இடத்தில், நாய் பூனை இல்லாத பக்கமாகத் திறந்துவிடலாம். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லணும். நம்பரை இன்றைக்கே போனில் ஏற்றி வை, ராத்திரி எட்டு மணிக்குத் தேடிக்கொண்டு இருக்காதே.