கையிலா, டிவியிலா? தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

ரந்தாவில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். லின்சம், சிலியாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் மோட்டாரில் வந்து இறங்கிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அங்கிள், அதே கேம் ஸ்விட்ச்லயும் இருக்கு, பிஎஸ் 5-லயும் இருக்கு. எதுல வாங்கலாம்?" யூடியூப்பில் இதற்குப் பதில் சொல்கிறவர்களுக்குத் தனி அறை, தனி டிவி, ஃபைபர் இணைப்பு எல்லாம் இருக்கிறது. அவர்கள் சொல்வது அவர்கள் வீட்டுக்குச் சரி. நம் வீட்டுக்கு எது சரி என்று நான் எழுதிவைக்கிறேன். ஆக்‌ஷன் கேம்களைப் பற்றி மட்டும்தான். பந்து விளையாட்டுக்கும் கார் பந்தயத்துக்கும் கணக்கு வேறு.

1. கேமைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள்.

வீட்டில் டிவி எத்தனை? ஒன்றுதான் என்றால், அது எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வரும்? சாயங்காலம் தொடங்கி அம்மாவுக்கு ஆஸ்ட்ரோவில் வானவில், விண்மீன் சேனல்கள். அதற்குப் பிறகு தாத்தாவுக்குச் செய்தி. அப்பா விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவர் என்றால் ஒன்பதரைக்கெல்லாம் கூடத்தில் விளக்கு அணைந்துவிடும். லயத்து வீட்டில் அடுத்த வீட்டார் பேசுவதே இந்தப் பக்கம் கேட்கும், டிராகன் அலறினால் கேட்காதா? ஆக்‌ஷன் கேமில் ஒரு பெரிய எதிரியை வீழ்த்துவதற்குள் பல தடவை தோற்றாக வேண்டும். தோற்பதற்கு நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடினால், போன வாரம் விரல் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த வாரம் மறந்துபோயிருக்கும். வார நாளில் டிவி ஒரு மணி நேரம்கூட உங்களுக்குக் கிடைக்காது என்றால் கைக்கன்சோல்தான். படம் எதில் அழகு என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2. பெயர் ஒன்று என்பதால் கேமும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள்.

எங்கள் காலத்தில் தோட்டத்து வீடுகளில் இருந்தது மைக்ரோ ஜீனியஸ், ஜப்பானின் ஃபாமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த மெஷின். அதில் கோன்ட்ரா போட்டால் இரண்டு பேர் சேர்ந்து சுடலாம், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து சத்தம் போடலாம். 1991-இல் கேம் பாய் என்ற கைக்கன்சோலுக்கும் ஒரு கோன்ட்ரா வந்தது. அதில் ஒருவர்தான் ஆட முடியும். பட்டனை அழுத்திப் பிடித்தால் துப்பாக்கி தானே சுட்டுக்கொண்டிருக்கும். மோசமான கேம் இல்லை. ஆனால் கோன்ட்ரா என்று நாங்கள் எதை நினைத்தோமோ அது அதில் இல்லை.

இன்னொன்று இதைவிட மனசுக்கு உறைத்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் நம் பிள்ளைகள் முதலில் எடுப்பது யாரை? கை கால் நீளும் யோகி தால்சிமை. 1992-இல் சூப்பர் ஃபாமிகாமில் வந்தபோது அவர் இருந்தார். 1995-இல் கேம் பாய்க்கு வந்தபோது இடம் போதாமல் மூன்று பேரைக் கழற்றிவிட்டார்கள். ஹோண்டா, வேகா, நம்ம தால்சிம். ஆர்கேடில் ஆறு பட்டனில் ஆடிய ஆட்டத்தை இரண்டே பட்டனில் அடக்கியிருந்தார்கள். லேசாகத் தட்டினால் சின்னக் குத்து, அழுத்திப் பிடித்தால் பெரிய குத்து. சண்டை கேமில் அவசரத்தில் எவன் அளந்து அழுத்துவான்?

பிஎஸ்பி காலத்திலும் இதே கதைதான். 2008-இல் வந்த காட் ஆஃப் வார்: செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் கைக்கன்சோலுக்கென்றே செய்த கேம். படம் பிரமாதம். ஆனால் பிஎஸ்பியில் ஸ்டிக் ஒன்றுதான் உண்டு. பிஎஸ் 2-இல் வலது ஸ்டிக்கைத் தள்ளி உருண்டு தப்பியவர்கள், இதில் மேலே இருக்கும் இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடது ஸ்டிக்கைத் தள்ள வேண்டியிருந்தது.

இன்று நிலைமை நல்லபடியாக மாறியிருக்கிறது. ஸ்விட்ச்சுக்கு வரும் கேம் பெரும்பாலும் பிளேஸ்டேஷனில் வருகிற அதே கேம்தான், ஆளும் குறைவதில்லை, பட்டனும் குறைவதில்லை. ஆனாலும் வாங்குவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஆடலாம்? நெட் இல்லாமல் ஆடலாமா? பின்னால் வந்த கூடுதல் பகுதிகள் இந்த மெஷினுக்கும் வந்ததா?

3. யாரோடு ஆடப்போகிறீர்கள்?

எனக்கு முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மான்ஸ்டர் ஹன்டர் ரைஸ் 2021 மார்ச் 26-ஆம் தேதி ஸ்விட்ச்சில் வந்தது. அடுத்த ஆண்டு கணினிக்கும், 2023 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. பிஎஸ் 5-இல் அது ஓடுவதைப் பார்த்தால் ஸ்விட்ச்சில் பார்ப்பது பாவமாகத்தான் இருக்கும். ஸ்விட்ச்சில் வினாடிக்கு 30 படம், பிஎஸ் 5-இல் அதற்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும். அப்படியானால் பிஎஸ் 5 வாங்கலாமா?

பஹாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சாயங்காலம் கோயில் திடலுக்குப் போய்ப் பாருங்கள். நாலு பையன்கள் சிமெண்டுத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நாலு பேர் கையிலும் ஸ்விட்ச். நெட் இல்லை, போனில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போகிறது. ஆனாலும் நாலு பேரும் ஒரே டிராகனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். ரைஸில் நாலு ஸ்விட்ச் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், தங்களுக்குள் தாங்களே இணைந்துகொள்ளும். நெட் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். ஒருத்தன் வாலை வெட்டப் போக, இன்னொருத்தன் "டேய் பின்னால வா, பின்னால வா" என்று கத்த, மூன்றாவது ஆள் செத்துப்போய்த் திட்டு வாங்குவான்.

பிஎஸ் 5-இல் இதே கேமை ஒரே டிவியில் இரண்டாகப் பிரித்து ஆட வழியில்லை. கூட்டாளியோடு ஆட வேண்டுமென்றால் ஆளுக்கொரு கன்சோல், ஆளுக்கொரு டிவி, நல்ல நெட், சந்தா எல்லாம் வேண்டும். ஸ்விட்ச் வைத்திருப்பவனும் பிஎஸ் 5 வைத்திருப்பவனும் இந்தக் கேமில் சேர்ந்து ஆடவே முடியாது. ஆகவே தோட்டத்தில் உங்கள் கூட்டாளிகள் எதை வைத்திருக்கிறார்களோ அதை வாங்குங்கள். 60 படம் ஓடுகிற கேமைத் தனியாக ஆடுவதைவிட 30 படம் ஓடுகிற கேமை நாலு பேராக ஆடுவது மேல். இது என் கருத்து, மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

இந்தக் கணக்கு தலைகீழாகும் கேமும் உண்டு. கோலாலம்பூரில் மெட்ரானோமிக் என்ற நம் நாட்டு நிறுவனம் செய்த நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் 2020 ஆகஸ்டில் வந்தது. ஃபைனல் ஃபேன்டசி 15-இல் வேலை செய்த வான் ஹஸ்மரும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு ஓவியம் வரைந்த டைம் ஜியாவுதீனும் தொடங்கியது. கித்தார் வைத்திருக்கும் மேடே, டிரம் அடிக்கும் ஸூக் என்று இரண்டு பேர். எதிரிகள் பாட்டின் தாளத்துக்கே அடிப்பார்கள். அண்ணனும் தங்கச்சியும் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். அதற்கு ஏழு அங்குலத் திரை எப்படிப் போதும்? டிவிதான். அம்மாவிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

4. டிவியில் ஆடுவதென்றால் முதலில் "கேம் மோட்" போடுங்கள். டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில், நீங்கள் பட்டனை அழுத்தியது திரையில் தாமதமாகத் தெரியும். தாளத்துக்கு அடிக்கிற கேமில் இது உயிரை வாங்கும். கைக்கன்சோலின் சொந்தத் திரையில் இந்தத் தொல்லை இல்லை.

5. ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறான்?

புனேயில் செய்த ராஜி என்ற கேமை நம் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன். தம்பியை அசுரர்களிடமிருந்து மீட்கப் போகும் ஒரு பெண்ணின் கதை. சுவரோவியம், கோட்டை, துர்க்கை, விஷ்ணு எல்லாம் வருவதால் வீட்டில் பாட்டிகூட உட்கார்ந்து பார்ப்பார். 2020 ஆகஸ்டில் முதலில் ஸ்விட்ச்சில்தான் வந்தது, மற்ற மெஷின்களுக்கு அக்டோபரில். ஆனால் அதில் கேமரா ரொம்பத் தூரத்தில் நிற்கும். பெரிய மண்டபத்தில் ராஜி எறும்பு போலத் தெரிவாள். ஸ்விட்ச் லைட்டின் ஐந்தரை அங்குலத் திரையில் அவளைத் தேடிக்கொண்டிருப்பதற்குள் அசுரன் அடித்துவிடுவான். கேமரா முதுகுக்குப் பின்னாலேயே வரும் கேம்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வாங்குவதற்கு முன் அந்தக் கேம் ஓடும் வீடியோவைப் போனில் முழுத்திரையில் பாருங்கள். போனில் ஆளும் எழுத்தும் தெரிந்தால் கைக்கன்சோலில் தெரியும்.

6. இப்போது கையில் ஆடிவிட்டுப் பிறகு டிவியில் தொடரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஸ்விட்ச்சையே டாக்கில் வைத்து டிவியில் ஆடுவது வேறு, அது நடக்கும். ஒரு கம்பெனி மெஷினிலிருந்து இன்னொரு கம்பெனி மெஷினுக்கு நீங்கள் சேர்த்த ஆயுதமும் கவசமும் போகாது. ஹேடீஸ் மாதிரிச் சில கேம்கள் ஸ்விட்ச்சுக்கும் கணினிக்கும் இடையே போய்வர விடும். ரைஸ் விடாது.

7. அண்ணன் தம்பிக்கு ஒரு ஸ்விட்ச் லைட் வாங்கித் தரும் அப்பாக்களுக்கு.

விலை குறைவு என்று லைட்டை எடுக்கிறீர்கள். அதை டிவியில் மாட்ட முடியாது. அதோடு ஆக்‌ஷன் கேம் ஆடுகிற பிள்ளை ஸ்டிக்கைச் சும்மா தள்ளுவதில்லை, கோபத்தில் முறுக்குவான். உள்ளே கரிப்பூச்சு மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு தேய்ந்ததும் யாரும் தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுவான். சாதாரண ஸ்விட்ச்சில் பக்கத்துப் பிடியைக் கழற்றி வேறு பிடி மாட்டிவிடலாம். லைட்டில் மெஷினையே பிரிக்க வேண்டும். எனக்கு வேலை வரும், உங்களுக்குச் செலவு வரும்.

8. இடியும் கரப்பானும்.

ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழைக்கு முன் இடிக்கிற இடி உங்களுக்குத் தெரியும். வானம் கறுத்ததும் வீட்டுக் கன்சோலின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. டிவிக்கு வரும் ஆஸ்ட்ரோ வயரையும் கழற்றுங்கள், மின்னல் அது வழியாக வந்து கன்சோலின் எச்டிஎம்ஐ வரை போகும். கைக்கன்சோலுக்கு இந்தக் கவலை இல்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலில் படுத்து ஆடலாம். 2019-க்குப் பிறகு வந்த சாதாரண ஸ்விட்ச் நாலரை மணி நேரத்திலிருந்து ஒன்பது மணி நேரம் வரை தாங்கும் என்கிறது நின்டென்டோ. ஸ்விட்ச் 2-க்கு இரண்டிலிருந்து ஆறரை மணி நேரம்தான். கனமான ஆக்‌ஷன் கேமுக்குக் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கரப்பானுக்கு இருட்டும் வெதுவெதுப்பும் பிடிக்கும். இரவெல்லாம் பிளக்கில் கிடக்கும் பிளேஸ்டேஷன் அதற்குச் சொந்த வீடு. நான் மூடியைக் கழற்றும்போது பவர் சப்ளை பலகையின் இடுக்கில் குட்டிகளோடு இருக்கும், காலடியில் பழுப்புப் புள்ளிகளாக எச்சம், கருகிய வாசனை. தரையில், அலமாரிக்குப் பின்னால் வைக்காதீர்கள். டிவிக்கு மேல் பலகை அடித்து, நாலு பக்கமும் காற்று போக வையுங்கள். பக்கத்தில் பிஸ்கட் டின் வேண்டாம்.

9. பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம்களில் கார்டுக்குள் கேமே இருக்காது, சாவி மட்டும்தான். கேமை நெட்டில் இறக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். தோட்டத்தில் போன் டேட்டாவை வைத்து அதை இறக்கினால் மாத டேட்டா ஒரே இரவில் போய்விடும். சிரம்பானில் மாமா வீட்டில் வைஃபை இருந்தால் அங்கே போய் இறக்கிக்கொண்டு வாருங்கள், பிறகு கார்டு உள்ளே இருந்தால் நெட் இல்லாமல் ஓடும். பிஎஸ் 5-இலும் டிஸ்க் போட்டதும் பெரிய அப்டேட் கேட்கும் கேம்கள் நிறைய. இன்னொன்று, பசார் மாலாமில் விற்கும் சாதாரண மெமரி கார்டில் ஸ்விட்ச் 2 கேமை வைக்க முடியாது. அதற்கு எக்ஸ்பிரஸ் என்று எழுதிய கார்டு வேண்டும்.

10. பழையது வாங்கினால்.

தப்பில்லை, நானே விற்கிறேன். ஸ்விட்ச் என்றால் செட்டிங்ஸில் ஸ்டிக் சோதனைக்குப் போய், கையை எடுத்ததும் புள்ளி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். டாக்கில் வைத்து டிவியில் படம் வருகிறதா பாருங்கள், விற்கிறவரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பிளேஸ்டேஷன் என்றால் ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, காற்றாடி எப்படிக் கத்துகிறது என்று கேளுங்கள். பின்பக்கத் துளைகளை மோந்து பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய பிஎஸ் 2-ஐ நம் 240 வோல்ட்டில் நேராகச் சொருகாதீர்கள், அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. "சார்ஜ் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க" என்று யாராவது சொன்னால், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுங்கள்.