மூக்கடைப்பும் காதடைப்பும்

கார்த்திகை, மார்கழி மழையில் சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் ஜலதோஷம் இல்லாத ஆளைக் காண்பது அரிது. இருமலை எல்லோரும் கவனிக்கிறோம். கூடவே வரும் காது மந்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. வாடிக்கைக்காரர் அரைக் கிலோ கேட்க, நாம் ஒரு கிலோ நிறுத்துக் கொடுக்கும்போதுதான் விஷயம் வெளியாகிறது.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழல் போகிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். சளியால் அந்தக் குழல் வீங்கி மூடிக்கொண்டால் செவிப்பறை உள்பக்கமாக இழுபட்டுக் காது அடைக்கிறது. சளியோடு சென்னையில் விமானம் ஏறியவர் சாங்கியில் இறங்கும்போது படும் வலியும் இதனால்தான். இந்த அடைப்புக்குக் காதில் எதை ஊற்றினாலும் பயனில்லை. செவிப்பறை நடுவே நிற்கிறது. மருந்து அந்தக் குழலை எட்டாது.

ஆகையால் நம் பெரியவர்கள் மூக்கைக் கவனித்தது சரியான காரியம். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து முகர்வார்கள். கருஞ்சீரகத்தையும் அப்படியே நுணுக்கி முகர்வதுண்டு. (நான் இவற்றை விற்கிறவன், அதற்காகச் சொல்லவில்லை.) சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த கஷாயம் தொண்டைக்கு இதம். வேது பிடிக்க நொச்சி கிடைக்காவிட்டால் வெறும் வெந்நீர் ஆவியே போதும், சளி இளகும். பிள்ளைகளுக்கு மட்டும் வேது வேண்டாம். சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு.

ஊருக்குப் போகும் பெட்டியில் தவறாமல் இருக்கும் கோடாலித் தைலம் சிங்கப்பூர்ச் சரக்கு. அந்தக் கம்பெனி இங்கே 1928-ல் தொடங்கியது. அதிலுள்ள மென்தால், மூக்கு திறந்துவிட்டது போன்ற குளிர்ச்சியைக் கொடுக்கும். உண்மையில் வீக்கம் அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் ராத்தூக்கம் கிடைப்பது சிறிய லாபமா! கைக்குழந்தையின் மூக்கில் மாத்திரம் தடவக்கூடாது, மூச்சு திணறும்.

பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் வேறு சங்கதி. காது அழுக்கு இறுகியிருந்தால் எண்ணெய் அதை இளக்கும், பூண்டு தேவையில்லை. சீழ் வடியும் காதிலோ, செவிப்பறையில் ஓட்டை உள்ள காதிலோ விட்டால் கெடுதல். சூடாக விட்டால் வெந்தே போகும். முன்பு அஞ்சடியில் நாவிதர் காது குடைந்துவிடுவார். இப்போது கல்லாவில் உட்கார்ந்தே சாவியால் குடைகிறோம். இரண்டுமே அழுக்கை உள்ளே தள்ளும், தோலையும் கிழிக்கும்.

வியாபாரிகள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. காலையில் எழும்போது ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமற்போனால் சளி என்று எண்ணி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கலாகாது. வாயை மூடி ‘ம்’ என்று நீட்டி முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் சளியோ அழுக்கோ காரணமாகலாம். நல்ல காதின் பக்கம் போனால் நரம்புக் கோளாறாக இருக்கக்கூடும். வைத்தியர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பதும் இதற்காகத்தான். முனகல் எந்தப் பக்கம் கேட்டாலும், திடீர்ச் செவிட்டுக்கு வைத்தியரே முடிவு சொல்ல வேண்டும்.

நரம்பு வகைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். முதல் சில நாட்களில் கொடுத்தால் பலன் அதிகம், 2 வாரம் கடந்தால் மிகவும் குறைவு. எனவே கடையை மூடும்வரை காத்திராமல், அன்றே டான் டோக் செங் போன்ற ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், எந்தக் காது, எத்தனை மணிக்குக் கேட்காமற்போயிற்று என்பதை முதலில் சொல்ல வேண்டும்.