கருவியும் கற்றலும்

நுழையும்முன்

ஓலையும் எழுத்தாணியும் இருந்த இடத்தில் இன்று திரையும் விசைப்பலகையும் இருக்கின்றன. கருவி மாறினால் கற்றலும் தானாகவே வளர்ந்துவிடுமா? புதுச்சேரிச் சிற்றூர்கள் பெற்ற பட்டறிவு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

செப்பேடு உணர்த்தும் செய்தி

புதுச்சேரிக்குத் தெற்கே, வங்கக் கடலோரம் அமைந்துள்ள ஊர் மணப்பட்டு. அது பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. பாகூர், கல்வி வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. கல்விப்பணி தடையின்றி நடைபெற ஊர்களின் வருவாயே ஒதுக்கப்பட்டது. எனினும், அத்தகைய உயர்கல்வியின் வாயில் அன்று சிலருக்கே திறந்திருந்தது.

ஆகவே, கல்வியில் எந்தப் புதுமை வந்தாலும் இரண்டு வினாக்களை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அது யாருக்கெல்லாம் வாயிலைத் திறக்கிறது? கற்பவரின் மொழியோடும் வாழ்வோடும் அது பொருந்துகிறதா?

சிற்றூருக்கு வந்த கணினி

இவ்விரு வினாக்களையும் முன்வைத்துச் செயல்பட்ட முயற்சி ஒன்று புதுச்சேரியில் நிகழ்ந்தது. 1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தியது. அந்நாளில் சிற்றூர்களில் தொலைபேசி இணைப்பு அரிது. மின்சாரமும் அடிக்கடி தடைப்பட்டது. எனவே, செய்திகளை அனுப்பக் கம்பியில்லாத் தொடர்பும், கணினிகளை இயக்கச் சூரிய ஆற்றலும் பயன்படுத்தப்பட்டன. ஊரின் நிலைக்கேற்பக் கருவிகள் அமைக்கப்பட்டன.

மையத்துக்கான இடத்தை ஊராரே வழங்கினர். சாதி, பால் வேறுபாடின்றி எவரும் உள்ளே வரலாம் என்பது அடிப்படை நெறியாக இருந்தது. எம்பலத்தில் கோயில் கட்டடத்தின் ஒரு பகுதியிலேயே மையம் இயங்கியது. பல மையங்களில் அவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுக் கணினியை இயக்கினர். நெல் விலை, மருத்துவ வசதி, அரசுத் திட்டங்கள் ஆகியவை குறித்த செய்திகள் தமிழில் தொகுத்து வழங்கப்பட்டன.

அலையும் ஒலிபெருக்கியும்

வீராம்பட்டினத்தில் நடந்தது சிறந்த எடுத்துக்காட்டாகும். வங்கக் கடலின் அலை உயரம் பற்றிய முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டு வந்தது. வில்லியனூர் நடுவத்தினர் அதனைப் பெற்று வீராம்பட்டினத்துக்கு அனுப்பினர். அங்கே அது ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவிக்கப்பட்டது. இணையத்தில் வெறும் எண்ணாக இருந்த ஒன்று, மீனவரின் செவியை எட்டியபோது அறிவாயிற்று. இடையில் நின்று அதை மொழிபெயர்த்து எடுத்துரைத்த மனிதர்களால்தான் இது இயன்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, நல்லவாடு என்னும் கடலோர ஊரில் இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசி வழியே எச்சரிக்கை விடுத்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அது முழங்கியது. ஊரார் கரையைவிட்டு விலகி உயிர் தப்பினர்.

காணாததைக் காட்டும் திரை

இப்பட்டறிவு வகுப்பறைக்கும் பொருந்தும். மணப்பட்டு மாணவி ஒருவர் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அலைகளைப் பற்றிப் படிப்பதாகக் கொள்வோம். கடலலையை அவர் நாள்தோறும் காண்கிறார். ஆயினும், நடுக்கடலில் ஆழிப்பேரலை செல்லும் விரைவைக் கரையில் நின்று காண இயலாது. 4000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் விரைவில் செல்லும். 10 மீட்டர் ஆழத்தில் அவ்விரைவு மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டராகக் குறையும். விரைவு குறையக் குறைய அலையின் உயரம் கூடும். இம்மாற்றத்தை அசைவூட்டப் படம் சில நொடிகளில் திரையில் காட்டிவிடும். கண்ணால் காண முடியாததைக் காட்டுவதே அதன் தனிச்சிறப்பு.

ஆனால், ‘விரைவு ஏன் குறைகிறது?’ என்று மாணவரைக் கேட்பவர் ஆசிரியர். கடலில் மிதக்கும் தேங்காய் ஒவ்வோர் அலையோடும் ஓடிவிடாமல் பெரிதும் மேலும் கீழுமாக அசைவதைக் கவனிக்கச் சொல்பவரும் அவரே. திரையில் கண்டதைக் கரையில் கண்டதோடு மாணவர் இணைக்கும்போதுதான் கற்றல் நிகழ்கிறது.

வாயில் எத்தனை பேருக்கு?

2018ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வெளியான புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. அச்சிட்ட பக்கத்திலிருந்து காணொலிக்குச் செல்லும் வழி பிறந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பெருந்தொற்றால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் அதன் வழியாக இல்லங்களைச் சென்றடைந்தன.

அதே காலம் ஓர் இடைவெளியையும் வெளிப்படுத்தியது. திறன்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை இணைய வகுப்பில் ஆசிரியரிடம் ஐயம் கேட்க முடிந்தது. திறன்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரே திறன்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால், பிள்ளையின் வகுப்பறையும் அவரோடு சென்றுவிடும். பள்ளியில் உள்ள பொதுக்கணினியும் நூலகமும் இதனால்தான் இன்றியமையாதவை ஆகின்றன. தனியொருவர் வாங்க இயலாததை ஊர் பொதுவில் வைத்துப் பகிரலாம் என்பதை அறிவு மையங்கள் முன்பே காட்டின.

கற்பவரின் பொறுப்பு

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்ட நொடியில் விடை தருகின்றன. அவ்விடை பிழையாகவும் இருக்கக்கூடும். அதனைப் பாடநூலோடு ஒப்பிட்டும், ஆசிரியரிடம் வினவியும், தாமே கணக்கிட்டும் சரிபார்ப்பவரே கற்றவராகிறார். எழுதித் தந்ததை அப்படியே படியெடுப்பவரிடம் விடை இருக்கும், அறிவு இராது.

ஒரு பள்ளியில் எத்தனை கணினிகள் உள்ளன என்பதை எளிதில் எண்ணிவிடலாம். அவற்றின் முன் அமர்ந்து வினா எழுப்பக் கற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே அப்பள்ளியின் உண்மையான கணக்கு.