தடுக்கும் பெட்டியும் தடுக்காப் பெட்டியும்

கணிப்பொறியும் கைப்பேசியும் ஒன்றை அறிவிக்கவோ வினவவோ வேண்டியபோது திரையின்மேல் ஒரு சிறு பெட்டியை எழுப்புகின்றன. அதனை டயலாக் அல்லது உரையாடற்பெட்டி என்பர். அப்பெட்டி இருதிறப்படும். விடை பெறும்வரை பின்னுள்ள வேலை எதனையும் தொடவொட்டாது நிற்பது ஒன்று. அது மோடல் எனப்படும். வேலைக்கு இடையூறின்றி ஒருபுறம் ஒதுங்கி நிற்பது மற்றொன்று, அது மோடலெஸ். முன்னதைத் தடுக்கும் பெட்டி என்றும், பின்னதைத் தடுக்காப் பெட்டி என்றும் வழங்குவோம். செயலி இயற்றுவோர் எவ்விடத்து எதனைக் கொள்ளவேண்டும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதையில் அமைந்த அண்டையூர்கள். இத்தகைய பாதையைச் சாலை குறுக்கிடும் இடத்தில் ரயில்வே கேட் மூடப்படின், மாட்டுவண்டியாயினும் மோட்டாராயினும் நின்றே தீரவேண்டும். சாலையோரத்து மைல்கல்லோ தொலைவை அறிவிக்கும், எவரையும் நிறுத்தாது. கேட் தடுக்கும் பெட்டி போன்றது. மைல்கல் தடுக்காப் பெட்டி போன்றது. கேட் வேண்டிய இடத்தில் மைல்கல்லை நட்டால் உயிர்ச்சேதம் நேரும்; மைல்கல் தோறும் கேட் அமைத்தால் ஊர் போய்ச் சேர்வார் இலர்.

முதற்கண் தடுத்தல் தகும் இடத்தைக் காண்போம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வாங்கும் ஒருவர், 2016-இல் தோன்றிய யூபிஐ முறையால் விலை கொடுக்கிறார் எனக் கொள்வோம். இரகசிய எண்ணைக் கேட்கும் திரை எழுகிறது. எண்ணை இடுதல், அன்றி விலகுதல் என இரண்டே வழிகள், மூன்றாவது இல்லை. இத்தடை நன்றே. 250 ரூபாய் 2,500 ஆகிவிடின், கைவிட்டுப் போன தொகையைக் கொடுத்தவர் தாமே திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது. மீளாத செயலின் வாயிலில் ஒரு கணம் நிறுத்துதல் அன்புடைமையேயாம்.

இனித் தடுத்தல் தகாத இடம். இராஜபாளையத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் ஒருவர், ஊர்ப்பெயரைச் சில இடங்களில் ‘இராஜபாளையம்’ என்றும் சில இடங்களில் ‘ராஜபாளையம்’ என்றும் எழுதிவிட்டார். லிப்ரே ஆபிஸ் செயலியில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து ஒவ்வோர் இடமாகக் காண்கிறார். ஓரிடத்தில் அச்சொல்லோடு சொற்றொடரையும் திருத்த நேர்கிறது. பெட்டியை மூடாமலே எழுத்தினுட் புகுந்து திருத்திவிட்டு, மீண்டும் தேடலைத் தொடர்கிறார். அது தடுக்கும் பெட்டியாயிருப்பின் ஒவ்வொரு திருத்தத்திற்கும் மூடித் திறந்து சலித்திருப்பார். வேலையோடு உடன் நடக்கும் கருவி வேலையை மறிக்கலாகாது.

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். ‘கோப்புச் சேமிக்கப்பட்டது’ என்பது அவ்வாறனுள் எதுவுமன்று, வெறும் செய்தி. செய்தியைச் சொல்லிவிட்டு ‘சரி’ என்னும் விடையை வற்புறுத்தி வாங்குவது முறையன்று.

இவ்வாறு எண்ணற்ற இடங்களில் தடுப்பதால் சிறிது காலம் வீணாகும், அவ்வளவுதானே எனச் சிலர் வினவக்கூடும். தீங்கு அதனினும் பெரிது. ரயில் வாராமலே நெடுநேரம் மூடிக்கிடக்கும் கேட்டின் அடியில் மக்கள் குனிந்து நுழையத் தலைப்படுவர். அப்பழக்கம் ரயில் வரும் நாளிலும் விடாது. அங்ஙனமே, பயனற்ற பெட்டிகளைக் கண்டு சலித்தவருடைய கை, கண் படிக்குமுன்னரே ‘சரி’ என்பதை அழுத்தப் பழகிவிடும். ‘அனைத்தையும் அழிக்கவா?’ என மெய்யாகவே வினவும் நாளிலும் அக்கை அவ்வாறே செய்யும். ஆதலின் தடை மிகுந்தால் காப்பு மிகும் என்பது பொய். தடை மிகுந்தால் காப்புக் குறையும்.

தடுத்தலினும் சிறந்த வழி ஒன்று உண்டு. செயலை மீட்கத்தக்கதாக ஆக்குதலே அது. ஜிமெயில் 2015-இல் அனைவர்க்கும் அளித்த வசதி இதற்குச் சான்று. அஞ்சலை அனுப்பியபின் திரையின் ஓரத்தில் ஒரு சிறு குறிப்புத் தோன்றும். 5 முதல் 30 நொடிவரை நாம் குறித்துவைத்த கால அளவுக்குள் அவ்வஞ்சலை மீட்டுக்கொள்ளலாம். ‘அனுப்பவா?’ என்று ஒவ்வொருகாலும் மறித்துக் கேட்பதினும் இது மேலன்றோ?

ஆகவே செயலி இயற்றுவோர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வாராக. இச்செயல் மீளாததா? விடையின்றி மேற்செல்ல இயலாதா? பின்னுள்ளதைக் காணாமலே பயனாளர் விடை கூற இயலுமா? மூன்றற்கும் ‘ஆம்’ எனின் தடுக்கலாம். அன்றேல் ஒதுங்கி நிற்பதே சால்பு.

தடுக்குமிடத்தும் தமிழ் தெளிவாயிருத்தல் வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் பொத்தான்களைவிட ‘அழி’, ‘வைத்திரு’ என்பன செயலை வெளிப்படையாகக் காட்டும். தமிழ் பயிலும் நாம் இத்துறைக்கு ஆற்றக்கூடிய தொண்டு இங்கே உளது. பிறருடைய வேலையை நிறுத்தும் உரிமை பெரிது. அதனைப் பெற்ற சொல் சிலவாகவும் தெளிவாகவும் இருத்தல் கடன்.