நமக்குப் பின் யார் பொறுப்பு?

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை வாட்டும் கேள்வி, "எங்கள் மவுத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" என்பதுதான்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பெற்றோரும் சட்டப்படி தாமாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்து, பெற்றோரோ உறவினரோ காப்பாளராக நியமனம் பெறலாம். விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

காப்பாளர் 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். பராமரிக்காமல் விட்டால் அவரை நீக்கவும் வழி உண்டு.

ஷரீஅத்தில் இப்பிள்ளையின் வாரிசுப் பங்கு குறைபாட்டால் குறைவதில்லை. அது நம் கையில் உள்ள அமானிதம். ஆகவே, ஹயாத்தாக இருக்கும்போதே உடன்பிறந்தவர்களை அமர்த்திப் பேசி, பொறுப்பாளரை முடிவு செய்யுங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.