தட்டிலிருந்து போனது எது?

கும்பகோணம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய செய்தி பார்த்தேன். ஹாஸ்டலில் பட்டிமன்றம். தலைப்பு 'உடல்நலத்துக்கு உகந்தது பாரம்பரிய உணவா, நவீன உணவா?' நீ பாரம்பரிய அணி. 'அத்தை, பத்து பாயின்ட் குடு' என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவளிடம் கேட்டால் பாயின்ட்டோடு நிறுத்துவேனா? போனில் சொன்னால் 'மெஸ் பெல் அடிச்சிடுச்சு' என்று பாதியில் ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 'பாட்டி காலத்துச் சாப்பாட்டில் நோயே வராது' என்று மேடையில் சொல்லிவிடாதே. கொஞ்சம் படித்தவள் எதிரணியில் இருந்தால் உன்னை ஒரே கேள்வியில் மடக்கிவிடுவாள். பீட்சாவும் பரோட்டாவும் எட்டிப் பார்க்காத காலத்திலேயே, வெறும் வெள்ளைச் சோற்றைச் சாப்பிட்டு ஆசியாவில் லட்சக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். ஊர்ப்புறத்தில் பார்லியும் சிறுதானியமும் கலந்து சாப்பிட்ட ஜப்பானியர்கள், எடோவுக்கு வந்தால் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிக்கு மாறினார்கள். அதுதான் கௌரவம். சில மாதங்களில் கால் மரத்துப்போகும், வீங்கும், மூச்சு வாங்கும். சிலருக்கு இதயமே நின்றுவிடும். ஊருக்குத் திரும்பினால் தானாகச் சரியாகிவிடும். அதனால் அதற்கு 'எடோ நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாம் பாடப்புத்தகத்தில் படித்த பெரிபெரிதான் அது.

1882-இல் 'ரியூஜோ' என்ற ஜப்பானியக் கடற்படைப் பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் கிளம்பியது. 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி, 25 பேர் சாவு. தகாகி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர், சாப்பாட்டில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டார். 1884-இல் 'சுகுபா' என்ற கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்து, சாப்பாட்டை மட்டும் மாற்றினார். அரிசியைக் குறைத்து இறைச்சியைக் கூட்டினார். அந்தப் பயணத்தில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. வேடிக்கை என்னவென்றால், புரதம் குறைவதால்தான் நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். காரணம் தப்பு, வைத்தியம் சரி!

தரைப்படைக்காரர்கள் அவரை நம்பவில்லை. அது கிருமியால் வருவது என்று சாதித்தவர்களில், ராணுவ மருத்துவரும் ஜப்பான் இன்றும் கொண்டாடும் எழுத்தாளருமான மோரி ஓகாயும் ஒருவர். சிப்பாய்க்கு வெள்ளைச் சோறு போடுவதுதான் மரியாதை என்ற எண்ணமும் கூடவே இருந்தது. 1904-05 ரஷ்யப் போரில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஜப்பானியச் சிப்பாய்கள் பெரிபெரியில் படுத்தார்கள். சுமார் 27,000 பேர் செத்தார்கள்.

இன்னொரு பக்கம், இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் துவண்டுபோனது. பிறகு வந்த புது சமையல்காரர், 'ராணுவச் சோற்றை இந்தக் கோழிக்கெல்லாம் தர முடியாது' என்று கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் தவிடு போகாத அரிசியைப் போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. ஒரு சமையல்காரரின் கறார் குணத்தில் வெளிச்சத்துக்கு வந்த உண்மைக்காக ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்தது பி1 வைட்டமின், அதாவது தயமின்.

இனி வருவது நம் கதை. பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும் இடம், கவனமாகப் படி.

அதே காலத்தில் மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்களை பெரிபெரி கொத்துக் கொத்தாகக் கொன்றது. தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களை அநேகமாகத் தொடவில்லை. இருவருக்கும் சோறுதான் சாப்பாடு. தமிழர்கள்தான் ஏழைகள், அவர்கள் குடியிருந்த லயங்களும் ஒன்றும் ஒசத்தி இல்லை. அங்கிருந்த பிராடன் என்ற மருத்துவர் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண் சொல்லச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குப் பக்க வார்டுக்கு. இரண்டும் ஒரே மாதிரிக் கட்டடம், குழம்பு கறி எல்லாம் ஒன்று. கிழக்கில் சயாம் பச்சரிசி, மேற்கில் இந்தியப் புழுங்கலரிசி. கிழக்கு வார்டில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள், மேற்கில் ஒருவரும் இல்லை. அந்த மனிதர்களிடம் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உன் பாட்டி நெல் அவித்ததுதான் ஞாபகம் வரும். கொல்லையில் பெரிய அண்டா. முதல் நாளே நெல்லை ஊறப்போட்டு, விடியற்காலையில் அடுப்பு மூட்டிவிடுவாள். ஆவி கிளம்பி அந்த ஊறல் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். ஒரு கை அள்ளி நெல் வாய் பிளந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறக்குவாள். களத்தில் கொட்டி, நானும் உங்கப்பாவும் காலால் கோடு கோடாகத் துழாவிவிட வேண்டும். உள்ளங்கால் சுடும். 'ஏம்மா இந்தப் பாடு, அப்படியே அரைச்சா என்ன?' என்று கேட்டால், 'அவிச்சாத்தான் அரிசி நொறுங்காது, சோறும் விடியுமட்டும் கெடாது' என்பாள்.

அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமினில் ஒரு பகுதி தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. பாட்டிக்கு இது தெரியாது. தெரியாமலே மலாயாவுக்குப் போனவர்களின் உயிரைக் காத்தது இந்த வேலைதான். உன் அணிக்கு முதல் பாயின்ட் இது. ஆனால், தீட்டிய அரிசிக்கு ஆசைப்பட்டதும் பாரம்பரியம்தான் என்பதை மறந்துவிடாதே.

அடுத்து ஒகினாவா. ஜப்பானின் தெற்கு முனையில் உள்ள தீவுக்கூட்டம், நூறு வயதுக்காரர்களுக்குப் பேர் போன இடம். அங்கே நெல் அவ்வளவாக விளையாது. 1949-இல் எடுத்த கணக்கில், அவர்கள் உணவின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலிருந்து வந்தது. கூடவே பாகற்காய், டோஃபு, கடற்பாசி. பன்றிக்கறி திருநாளுக்கு மட்டும். அது வறுமையின் சாப்பாடு, யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்தது இல்லை. போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத் தளங்கள் வந்தன. டப்பா இறைச்சி, ஹாம்பர்கர், கார் எல்லாம் வந்தன. 1985-இல் ஒகினாவா ஆண்கள் ஆயுளில் ஜப்பானிலேயே முதலிடம். 2000-இல், 47 மாகாணங்களில் 26-ஆவது இடம். அங்கே அதை '26 அதிர்ச்சி' என்றே சொன்னார்கள்.

எல்லோரும் ஹாம்பர்கர் வந்ததைத்தான் பேசுவார்கள். நீ கிழங்கு போனதையும் பேசு. கிழங்கோடு நாரும் போனது, வயலுக்கு நடந்த நடையும் போனது.

இப்போது எதிரணிக்கு ஒரு பாயின்ட். ஜப்பானின் நகானோ மலைநாடு. கடல் இல்லை, குளிர்காலம் முழுக்கப் பனி. கீரை, காய் எல்லாவற்றையும் உப்பில் ஊறப்போட்டுத்தான் அந்த மாதங்களை ஓட்ட வேண்டும். புளித்த சோயா விழுதில் வைக்கும் மிசோ சூப்பிலும் உப்பு, ஊறுகாயிலும் உப்பு. அப்பழுக்கில்லாத பாரம்பரிய உணவு! விளைவு, 1960-களில் பக்கவாதச் சாவில் நாட்டிலேயே முன்வரிசை. 1980-களின் தொடக்கத்தில் அந்த மாகாணம் உப்பைக் குறைக்கும் இயக்கம் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டு மிசோ சூப்பில் எவ்வளவு உப்பு என்று கருவி வைத்து அளந்து காட்டினார்கள். நம் தெருவில் யாராவது வந்து என் சாம்பாரை அளந்தால் சும்மா விட்டிருப்பேனா? அவர்கள் விட்டார்கள். 2010-இல் ஆண், பெண் இருபாலரின் ஆயுளிலும் நகானோ ஜப்பானில் முதலிடம்.

அவர்கள் மிசோவை விடவில்லை, ஊறுகாயையும் விடவில்லை. ஃபிரிட்ஜ் வந்த பிறகு அத்தனை உப்புக்கு வேலை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். காரணம் போன பிறகும் தட்டில் தங்கியிருந்த ஒன்றைக் குறைத்தார்கள்.

இனி உங்கப்பா. சர்க்கரை வந்ததும் அவன் என்னிடம் சண்டைக்கு வந்தான். 'நான் கோக் குடிக்கிறேனா, பர்கர் தின்கிறேனா? அப்பா சாப்பிட்ட அதே புழுங்கலரிசிச் சோறு, அதே சாம்பார். எனக்கு ஏன் வரணும்?' என்று கேட்டான். நியாயமான கேள்விதான். உன் தாத்தா சோற்றை மலையாகக் குவித்துச் சாப்பிட்டவர். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு மடைதிறக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். ஏறியதைத் தசை எரித்துவிடும். உங்கப்பா பேங்க்கில் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தவன். வேலை போய்விட்டது, குவியல் மட்டும் அப்படியே இருக்கிறது. அவன் ஒல்லிதானே என்று கேட்பாய். ஆசியர்களுக்குப் பருமன் இல்லாமலே சர்க்கரை வரும். எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கில் நமக்கு 23-ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கம்பையும் கேழ்வரகையும் மருந்தாக்கிவிடாதே. நல்ல தானியம்தான், திரும்பி வரட்டும். ஆனால் கேழ்வரகை நைசாக மாவாக்கிக் கூழாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். ரேஷன் அரிசியையும் திட்டாதே. அது வருவதற்கு முன் நம் தெருவில் எத்தனை அடுப்பு எரியாமல் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆக, பத்து பாயின்ட் கேட்டவளுக்கு நான் இரண்டு கேள்விதான் தருகிறேன். தட்டிலிருந்து என்ன போனது? போக வேண்டிய எது போகாமல் இருக்கிறது? எடோவில் தவிடு போனது, ஒகினாவாவில் கிழங்கு போனது. நகானோவில் உப்பும் நம் வீட்டில் சோற்றுக் குவியலும் போகாமல் இருந்தன. எந்த அணியில் உட்கார்ந்தாலும் இந்த இரண்டு கேள்வியை வைத்துப் பேசலாம். நடுவர்தான் பாவம், தீர்ப்பு சொல்லத் திணறுவார்.

உங்கப்பா இப்போது சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் வைத்துக்கொள்கிறான். சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடக்கிறான். முணுமுணுப்புக்குக் குறைவில்லை; போன மாத ரிப்போர்ட் மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

உங்கள் மெஸ்ஸில் பொரியல் ஒரு கரண்டிதான் வைப்பார்கள் என்று போன தடவை சொன்னாய். பேசி முடித்து இறங்கியதும், பரிசாக இரண்டாவது கரண்டி கேள். ஜெயித்தாயா என்பதோடு அது கிடைத்ததா என்றும் எழுது.

அன்புடன்,
அத்தை

பி.கு.: பாட்டியின் அண்டா மாடியில்தான் கிடக்கிறது, மழைத்தண்ணீர் பிடிக்க. பொங்கலுக்கு வா. ஒரு மரக்கால் நெல் வாங்கி அவித்துப் பார்ப்போம். துழாவும் வேலை உன்னுடையது.