தவறிய தவணையும் கடன் வரலாறும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பணம் ஒன்று; கடமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோர், வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்பதைத் தனியே கற்பிக்கத் தேவையில்லை என்று கருதினர் போலும். இன்றும் மனமில்லாமையால் தவணை தவறுவோர் சிலரே. நோய், விளைச்சல் பொய்த்தல், வேலையிழப்பு, குடும்பத் தலைவரின் மறைவு ஆகியவற்றால் தவறுவோரே பலர். அவர்களுக்கு வேண்டியது அறிவுரை அன்று, கணக்கறிவு. ஆகவே வாசகர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு இப்பாடத்தைப் படிக்க வேண்டுகிறேன்.

முற்காலத்தில் ஒருவர் நாணயமானவரா என்பதை ஊரே அறிந்திருந்தது. மளிகைக் கடைக்காரரின் பேரேடும் வங்கி மேலாளரின் நினைவும் போதுமானவையாக இருந்தன. இன்று அந்த நினைவு கணினிக்குச் சென்றுவிட்டது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பெற்றது. கடன் தகவல் நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. இப்பொழுது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. நாம் எங்கே கடன் வாங்கினோம், எவ்வளவு நிலுவை, எந்தத் தவணையை எத்தனை நாள் தாமதித்துச் செலுத்தினோம் என்பன அனைத்தும் அங்கே பதிவாகின்றன. இவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடுகின்றனர். சிபில் அறிக்கையில் கடந்த 36 மாதங்களின் செலுத்து விவரம் மாதவாரியாகக் காணப்படும். முன்பு வங்கிகள் மாதம் ஒருமுறை இவ்விவரங்களை அனுப்பின. 2025 ஜனவரி முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் அனுப்பவேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்தது. தவற்றைப் போலவே, தவற்றைச் சரிசெய்ததும் விரைவில் பதிவாகும் என்பது இதனால் நமக்குக் கிடைத்த நன்மை.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இராது. அதனைக் குறையென எண்ணி அஞ்ச வேண்டா. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதன்முறை விண்ணப்பிப்பவரை மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. தேவையில்லாத கடனட்டையை வாங்கி மதிப்பெண்ணை 'வளர்க்க' முயல்வது, பசியில்லாதவர் மருந்துண்டு பசியை வரவழைத்துக் கொள்வது போன்றது.

இனித் தவணை தவறினால் நிகழ்வதைக் காண்போம். தவணை நாள் கடந்தவுடன் அக்கணக்கு நிலுவைக் கணக்காகிறது. முதல் 30 நாட்கள் ஒரு படி, 31 முதல் 60 வரை அடுத்த படி, 61 முதல் 90 வரை மூன்றாம் படி. வங்கியாளர்கள் இவற்றை எஸ்.எம்.ஏ. பூஜ்யம், ஒன்று, இரண்டு எனக் குறிப்பர். 90 நாட்களைக் கடந்தால் அது வாராக்கடன். பயிர்க்கடனுக்கு இக்கணக்கு வேறு. குறுகிய காலப் பயிராயின் இரண்டு பருவங்களும், நீண்ட காலப் பயிராயின் ஒரு பருவமும் கடந்த பின்னரே வாராக்கடன் ஆகும். நிலக்கடலையும் நெல்லும் பயிரிடும் நம் அன்பர்கள் இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்க.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலர் அறியாமல் இடருறுவது இவ்விடத்தில்தான். ஆகவே சற்று நின்று கணக்கிடுவோம்.

ஒருவர் 1,00,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாகப் பெறுகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 4,707 ரூபாய். முதல் மாதம் அதில் 1,000 ரூபாய் வட்டிக்குச் செல்லும். 3,707 ரூபாய் அசலில் கழியும். தவணை நாள் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. ஜூன் மாதத் தவணையை அவர் தவறவிடுகிறார். ஜூலை 5ஆம் தேதி 4,707 ரூபாய் செலுத்திவிடுகிறார். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தவறாமல் செலுத்துகிறார். அவரைக் கேட்டால், 'ஒரே ஒரு மாதந்தான் தவறினேன்' என்பார்.

வங்கியின் கணக்கு அவ்வாறு சொல்லாது. ஜூலையில் கட்டிய பணம் ஜூன் மாத நிலுவைக்கே வரவு வைக்கப்படும். ஆதலின் ஜூலைத் தவணை நிலுவையாக நிற்கும். ஆகஸ்டில் கட்டியது ஜூலைக்குச் செல்லும், ஆகஸ்ட் நிற்கும். ஒவ்வொரு மாத முடிவிலும் அவர் பெயருக்கு நேரே 25 அல்லது 26 நாள் தாமதம் என்றே பதிவாகும். ஒரு மாதப் பிழை அறிக்கையில் ஓராண்டுப் பிழையாகத் தோன்றுகிறது. வகுப்பில் ஒரு நாள் பாடம் விடுபட்ட மாணவி, அந்தப் பாடத்தை எழுதி முடிக்காதவரை ஒவ்வொரு நாளும் ஒரு பாடம் பின்தங்கியே இருப்பதைப் போன்றது இது. இந்நிலையில் இன்னும் இரண்டு தவணை தவறினால் நேரே வாராக்கடன் எல்லைக்குச் சென்றுவிடுவார். வாராக்கடன் ஆனபின் ஒரு தவணை கட்டினால் கணக்கு நல்ல கணக்காக மாறிவிடாது. அசல், வட்டி நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் மீண்டும் நல்ல கணக்காகும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே விடுபட்ட அந்த ஒரு தவணையை எப்பாடு பட்டேனும் கூடுதலாகச் செலுத்தி வரிசையைச் சரிசெய்வதே முதல் வேலை. ஒருசேர இயலாவிடில் மாதம் 1,000 ரூபாயேனும் சேர்த்துக் கட்டி வந்தால் ஐந்து மாதத்தில் நேராகிவிடும்.

தாமதத்திற்கு அபராதமும் உண்டு. முன்பு 'அபராத வட்டி' என்று வட்டியோடு வட்டியாகச் சேர்த்து வந்தனர். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதனை மாற்றியது. இப்பொழுது அபராதக் கட்டணம் எனத் தனியாகவே விதிக்க வேண்டும்; அதன் மீது வட்டி கணக்கிடலாகாது. கணக்கு விவரத் தாளைக் கேட்டு வாங்கி இதனைச் சரிபார்க்கலாம். மேலும், தானியங்கிப் பிடித்தம் பணமின்றித் திரும்பினால், கடன் தந்த நிறுவனமும் நாம் கணக்கு வைத்துள்ள வங்கியும் தனித்தனியே கட்டணம் பிடிக்கும். காசோலை திரும்பினாலோ வேறு வினையும் உண்டு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் தராவிடில் குற்ற வழக்குத் தொடரலாம். அந்த அறிவிப்பு வந்தால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

தவணை நாளுக்கு முன்னரே, 'இம்மாதம் இயலாது' என்று தெரிந்துவிடுகிறது எனக் கொள்வோம். அப்பொழுதே வங்கி மேலாளரை நேரில் கண்டு கடிதம் கொடுத்தல் நலம். கடிதத்தில் கடன் கணக்கு எண், தவணைத் தொகை, இடர்ப்பாட்டின் காரணம், அதற்குச் சான்று (மருத்துவமனைச் சீட்டு, பணிநீக்கக் கடிதம் போன்றவை), எந்தத் தேதியில் எவ்வளவு செலுத்த இயலும் என்ற உறுதி ஆகிய ஐந்தும் இருக்கவேண்டும். ஐந்தாவது இல்லாத கடிதம் வெறும் முறையீடு. நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்குமாறு வேண்டலாம். அங்ஙனம் மாற்றியமைத்தால் அதுவும் கடன் வரலாற்றில் குறிக்கப்படும். எனினும் வாராக்கடன் என்ற குறிப்பை விட அது எத்தனையோ மேல்.

ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு என்பதையும் உணர்தல் வேண்டும். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இசைந்தது. அக்காலத்தில் கட்டாமை தவறாகப் பதிவாகவில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்ட வசதியிருந்தும் ஒத்திவைத்தவர்கள் பின்னர் கூடுதலாகக் கட்டினர்.

தவணை கட்டுவதற்காக மீட்டர் வட்டிக்கும் கந்துவட்டிக்கும் கைமாற்று வாங்குவதை நான் எக்காரணத்தாலும் ஏற்க மாட்டேன். அதனைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. வாங்குவோர் இருப்பதால் விற்போரும் இருக்கின்றனர். கடனட்டை நிலுவையும் ஏறத்தாழ அத்தன்மையதே. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் மீதிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும் வட்டி ஏறுகிறது. பெட்டியில் உறங்கும் நகையை வங்கியில் வைத்து அதனை அடைப்பது இழிவன்று. நகையை அணிந்துகொண்டு அட்டை நிலுவையைச் சுமப்பதைக் காட்டிலும் அது அறிவுடைமை.

பிணையாளர் நிலையைப் பற்றித் தனியே கூற வேண்டும். என்னிடம் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒரு பெண்மணி, உடன் பணியாற்றியவர் கேட்டுக்கொண்டதற்காக ஜாமீன் கையொப்பம் இட்டார். கடன் வாங்கியவர் ஊர் மாறிச் சென்றுவிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் இவர் வீடு கட்டக் கடன் கேட்டபொழுது, இவருடைய அறிக்கையில் வாராக்கடன் ஒன்று இருப்பதாகக் கூறி மறுத்துவிட்டனர். 'நான் ஒரு ரூபாயும் வாங்கவில்லையே, அம்மா' என்று என்னிடம் வந்து நின்றார். அவர் கூறியது உண்மை. வங்கி கூறியதும் சட்டப்படி சரியே. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிடில் பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. கடனாளியை முதலில் கேட்டுவிட்டுத்தான் பிணையாளரிடம் வரவேண்டும் என்ற நியதி இல்லை. அவர் தம் சேமிப்பிலிருந்து அந்நிலுவையை அடைத்து, நிலுவையின்மைச் சான்று பெற்று, பதிவைத் திருத்தச் செய்து, அதன்பின் ஓராண்டு காத்திருந்தே வீட்டுக்கடன் பெற்றார். அடைத்த தொகையைக் கடனாளியிடம் கோரும் உரிமை பிணையாளருக்கு உண்டு. அவர் கோரினார், பாதிதான் வந்தது.

நம் இல்லங்களில் கணவர் வாங்கும் கடனுக்கு மனைவி இணை விண்ணப்பதாரராகக் கையொப்பமிடுவது வழக்கம். 'இங்கே போடு' என்று காட்டிய இடத்தில் போடுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். இணைந்து கையொப்பமிட்டால் முழுக் கடனுக்கும் இருவரும் பொறுப்பு. கையொப்பமிடாத மனைவி மக்களோ, மறைந்தவரிடமிருந்து தமக்கு வந்த சொத்தின் மதிப்பளவுக்கு மட்டுமே பொறுப்பாவர். தம் சொந்த ஊதியத்திலிருந்து கட்டவேண்டிய கடப்பாடு இல்லை. துக்க வீட்டில் வந்து மிரட்டுவோரிடம் இதனைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைத்து நெருக்கலாகாது. உறவினரிடம் கூறி அவமானப்படுத்தலாகாது. இவையும் ரிசர்வ் வங்கியின் விதிகளே.

அடமானமுள்ள கடன் வாராக்கடனானால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி முதலில் 60 நாள் அறிவிப்பு அனுப்பவேண்டும். அதற்கு நாம் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தால் 15 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அந்த 60 நாட்களே பேசித் தீர்க்கும் காலம். வேளாண் நிலத்தின் மீது இச்சட்டம் செல்லாது.

சிலருக்கு வங்கியே, 'இவ்வளவு கட்டினால் போதும், முடித்துக்கொள்வோம்' என்று ஒருமுறைத் தீர்வு அளிக்கும். வேறு வழியில்லாதவர் ஏற்கலாம். ஆயின் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்றிராது. 'சமரசமாகத் தீர்க்கப்பட்டது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இருக்கும். அடுத்துக் கடன் தருபவர் அச்சொல்லைக் கண்டதும் தயங்குவார். பின்னாளில் வசதி வந்தபோது விடுபட்ட தொகையையும் செலுத்தி, 'முடிக்கப்பட்டது' என மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்கலாம்.

அறிக்கையில் பிறர் கடன் நம் பெயரில் ஏறியிருத்தலும், அடைத்த கடன் அடையாததாகக் காட்டுதலும் உண்டு. பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருப்பவரின் கணக்கு கலந்துவிடுவதும் உண்டு. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிழை கண்டால் அந்நிறுவனத்திடமோ வங்கியிடமோ எழுத்தில் தெரிவிக்கலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிடில், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நமக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது 2024 ஏப்ரல் இறுதி முதல் நடைமுறை. அதன் பின்னும் பயனில்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாக விளம்பரம் செய்து பணம் வாங்குவோரிடம் செல்ல வேண்டா. பொய்யான பதிவை நாமே நீக்கலாம். மெய்யான பதிவை அவராலும் நீக்க இயலாது.

கடைசித் தவணை கட்டியபின்னும் ஒரு வேலை எஞ்சுகிறது. நிலுவையின்மைச் சான்று கேட்டுப் பெறுங்கள். வீட்டுப் பத்திரத்தின் மூலத்தை 30 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும்; வங்கியின் தாமதமாயின் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் உள்ளது. பத்திரம் பதிவு செய்து அடமானம் வைத்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்தையும் பதிவு செய்யவேண்டும். இரண்டு மாதம் கழித்து வில்லங்கச் சான்றையும் கடன் அறிக்கையையும் ஒருசேர எடுத்து, இரண்டிலும் அக்கடன் முடிந்துள்ளதா எனப் பார்த்து, பத்திரத்துடன் ஒரே உறையில் வைத்துவிடுங்கள்.